மூன்று பித்தளைக் கால்கள்

மார்ச் 3, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக அச்சகத்துச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றினேன். வளையம் விடவில்லை. கட்டைவிரல் நகம் பிய்ந்துவிட்டது. பத்தொன்பது வருஷச் சாவி, சும்மா வருமா?

அச்சகம் என் மூத்தாருடையது, கணவரின் அண்ணன். போன மாதம் சொன்னார்: "நீ வீட்ல ரெஸ்ட் எடும்மா. இனிமே மாப்பிள்ளை பாத்துக்குவாரு." மாப்பிள்ளை என்றால் அவர் மகளைக் கட்டியவன். வேலைக்கு வந்து எட்டு மாதம். நேற்று பள்ளி அகராதியின் புதுப் பதிப்பு வந்தது. ஆயிரத்து நூறு பக்கம், ஒவ்வொன்றும் நான் அடுக்கியது. 'பக்க வடிவமைப்பு' என்ற இடத்தில் அவன் பெயர்.

சாவியைக் கணவரிடம் கொடுத்தேன். "நீயே குடுத்துட்டு வந்துடேன்" என்றார். மாட்டேன். அவர்களாகக் கூப்பிடும் வரை அந்தப் படி ஏற மாட்டேன்.

மார்ச் 5, வியாழன்

அகராதியை வெளியிடும் பதிப்பக அம்மாவைப் பார்த்தேன். அந்தப் பெயரை விரலால் தொட்டுக் காட்டி, "இது உங்க கைவேலை இல்ல?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

அடுத்த அகராதிக்கு முப்பது மாதிரிப் பக்கம் கேட்கிறார். பதினாறாம் தேதி, திங்கள், காலை பத்து மணி. பிடித்தால் வேலை எனக்கு, அச்சடிப்பும் வேறு இடத்தில். மூத்தார் வீட்டு அடுப்பு பாதி அந்த அகராதியில்தான் எரிகிறது. அணையட்டும்.

கம்ப்யூட்டர் வேண்டும். பாகங்களை வாங்கி நானே சேர்க்கப்போகிறேன். யார் கையையும் எதிர்பார்த்தது போதும்.

மார்ச் 7, சனி

சாமான் வாங்கினேன். கடைக்காரர், "மாட்டித் தந்துடட்டுமா மேடம்?" என்றார். வேண்டாம் என்றேன். "உங்க அச்சகத்து மாப்பிள்ளையும் தானே செஞ்சுக்கறேன்னுதான் எடுத்துட்டுப் போனாரு. இதே பெட்டி, இதே போர்டு." சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டித் தகட்டில் ஒன்பது ஓட்டை, பொட்டலத்தில் ஒன்பது குட்டிப் பித்தளைக் கால்கள். எல்லாப் பாகமும் செருகும் போர்டு, தகட்டில் படாமல் அவற்றின் மேல்தான் உட்கார வேண்டும். ஒன்பதையும் முறுக்கி நிறுத்தினேன். மெஷினைப் பிரித்து மாட்டினால் மேஜையில் ஒரு திருகுகூட மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் ஓட்டக் கூடாது – மூத்தார் போட்ட சட்டம். ஆளைப் பிடிக்காவிட்டாலும் சட்டம் நல்ல சட்டம்.

சுவிட்சை அழுத்தினேன். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது.

மார்ச் 8, ஞாயிறு

அரைச் சுற்று. நிற்கிறது. அரைச் சுற்று. நிற்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

பவர் வயர்களைப் பிடுங்கி மறுபடி செருகினேன். மெமரியைக் கழற்றித் துடைத்து, ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நகரவில்லை. இன்னும் ஆறு நாள்.

கணவர் மெல்ல ஆரம்பித்தார். "மாப்பிள்ளை கேட்டான்... சின்னத்தைக்கு எதுக்கு இந்த வேலை, இது என்ன மிக்ஸியான்னு." அதை ஏன் என்னிடம் வந்து சொல்கிறார்? அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கடைக்காரன் அவன் ஆள். செத்த போர்டைத் தலையில் கட்டியிருக்கிறான். உடனே ஃபோன் செய்தேன். "யாரு சொல்லி இதைக் குடுத்தே? பொம்பளைதானேன்னு ஏமாத்தறியா?" இன்னும் என்னென்னவோ கத்தினேன். எழுதக் கூசுகிறது. அந்த மனிதர் குரலே உயர்த்தவில்லை. "போர்டை வெளிய எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல வெச்சுப் போட்டுப் பாருங்க மேடம். அப்பவும் ஓடலன்னா நானே வந்து மாத்தித் தரேன்."

பெரிய நல்லவன்.

மார்ச் 11, புதன்

அட்டைப்பெட்டி மேல் வைத்தேன். சுவிட்ச் பெட்டியிலேயே நின்றுவிட்டதால், போர்டில் அதற்கான இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டேன்.

ஃபேன் சுற்றியது. நிற்கவில்லை! திரையில் எழுத்து!

நான் போட்ட கூச்சலில் கணவர் சோப்புக் கையோடு ஓடி வந்தார். "ஷாக் அடிச்சிடுச்சா?"

அடித்த மாதிரிதான். போர்டைத் திருப்பிப் பார்த்தேன். அது சின்ன போர்டு. அதில் ஆறு ஓட்டைதான். ஒன்பது கால் பெரிய போர்டுக்கு. மிச்ச மூன்றும் ஓட்டையில்லாத இடத்தில் போர்டின் முதுகைக் குத்தி, மின்சாரத்தைத் தகட்டுக்கு இழுத்திருக்கின்றன. மூன்றையும் கழற்றிவிட்டு மாட்டினேன். ஓடுகிறது.

யாரும் என்னை ஏமாற்றவில்லை. மூத்தார் சட்டத்தை நானே சுமந்து வந்து என் வீட்டிலும் முறுக்கி வைத்திருக்கிறேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "போர்டு உயிரோட இருக்குல்ல மேடம், அது போதும்." இவ்வளவு கோபத்தையும் போயும் போயும் இவர் மேலா கொட்டினேன்?

மார்ச் 13, வெள்ளி

பதினெட்டுப் பக்கம் முடிந்தது. மாப்பிள்ளையிடமிருந்து ஃபோன். குரல் இறங்கியிருந்தது.

"சின்னத்தை, நீங்க சேத்தது ஓடுதாமே... இங்க ஃபேன் அரைச் சுத்து சுத்திட்டு நின்னுடுது. பழைய கம்ப்யூட்டரையெல்லாம் வேற வித்துட்டேன். மாமா மூஞ்சிய பாக்க முடியல."

"திருகு ஏதாவது மிச்சம் வந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல சின்னத்தை!" பெருமையாகச் சொன்னான். "மாமா சொல்லிக் குடுத்த மாதிரியே எல்லாத்தையும் போட்டுட்டேன்."

வாயைப் பொத்திக்கொண்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். சொல்ல எத்தனை நொடி ஆகும்? பத்து. அந்தப் பத்து நொடி ஏன் இவ்வளவு இனித்தது?

மார்ச் 15, ஞாயிறு

முப்பது பக்கமும் தயார். கடைசிப் பக்கத்தின் அடியில் என் பெயர். பெரிதாக இல்லை, எட்டுப் புள்ளி எழுத்து.

மூத்தாரே கணவருக்கு ஃபோன் செய்திருக்கிறார். "அவளை ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லுடா." அவராகக் கூப்பிட்டுவிட்டார்.

"என்ன கோளாறுன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் கணவர்.

"எனக்கென்ன தெரியும்? நான் மிக்ஸி ஓட்டறவ" என்றேன்.

நாளை பத்து மணிக்குப் பதிப்பகம். அகராதி என் கைக்கு வந்த பிறகுதான் அச்சகம். வாயே திறக்க மாட்டேன். மூத்தார் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பெட்டியைத் திறந்து மூன்று கால்களைக் கழற்றுவேன். அவர் மேஜையில், அவர் கண்ணெதிரே வரிசையாக வைப்பேன். பிறகு சுவிட்சைப் போடுவேன். மேஜையில் மூன்று மிச்சமிருக்கும், மெஷின் ஓடும்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கணவர் இன்றைக்கே அண்ணனுக்குச் சொல்லிவிடுவார்.

பதிப்பகத்துக்குக் கட்டும் புடவையை எடுத்து வைத்துவிட்டேன். அச்சகத்துக்கும் அதே புடவைதான்.