திரைக்குள் தெரியாத நிறம்

தலைமன்னார்
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பின் இஞ்சேருங்கோ,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாததால் உறையில் மட்டும் மில்ரன் என்று எழுதியிருக்கிறேன். நானும் மாமியும் சுகம். வள்ளத்து எஞ்சின் பழுதாகி எல்லை தாண்டின குற்றத்துக்கு எட்டு மாதமாக அக்கரைச் சிறையில் கிடக்கிற நீங்கள் சுகமா? அடுத்த மாதம் விட்டுவிடுவார்கள் என்கிறார் வக்கீல். போன மாதமும் அதைத்தான் சொன்னார்.

பிள்ளையைப் பற்றி எழுதவேண்டும். எனக்கே ஒன்றும் விளங்கவில்லை, உங்களுக்கு எப்படி விளக்குவது?

டிலோஜன் பிறந்ததும் அறைக்கு மஞ்சள் திரை கட்டினேன், முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை காற்றும் கண்ணூறும் படக்கூடாது என்று. திரைக்குள் நான், மாமி, சுவர் எல்லாமே மஞ்சள். ஐந்தாம் நாள் வந்த மருத்துவமாது ஜெசிக்கா மிஸி பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னார், நிறம் பாக்கவேணுமாம். நித்திரை கொள்ளுறான் மிஸி, பிறகு வாங்கோ என்று அனுப்பிவிட்டேன். பாலுக்குக்கூட அழாமல் கிடந்தவனைச் சாதுவான பிள்ளை என்று பெருமைப்பட்டேன். என்ர புத்தியை என்னவென்று சொல்ல! எட்டாம் நாள் கீச்சென்று கத்தி, பின்பக்கமாக வளைந்தான். ஆஸ்பத்திரியில் நீல வெளிச்சத்தில் கிடத்தி, இரத்தமும் மாற்றினார்கள். செங்கமாரி வந்து மாறிவிட்டது என்று மட்டும் உங்களுக்கு எழுதினேன். திரைக்குள் எனக்குத் தெரியாமல்போன அந்த மஞ்சள் மூளைக்கு ஏறிவிட்டதாம்.

அப்போது டாக்டர் அவன் தலையைக் கொஞ்சம் தாழவிட்டுப் பார்த்தார். கைகளை விரித்துத் திடுக்கிட வேண்டுமாம். இவன் அசையவில்லை. பிழை என்றார். ஆறு மாதம் முடிந்து, போன கிழமை அதே டாக்டர் அதையே செய்தார். இரண்டு கையையும் விரித்து அப்படித் திடுக்கிட்டான்! நான் கைதட்டாத குறை. அதுவும் பிழையாம். இதற்குள் அது மறைந்திருக்க வேண்டுமாம். விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிக்கிறான், விடுகிறானில்லை. அதுவும் இப்போது கூடாதாம். அன்றைக்கு இல்லாததும் பிழை, இன்றைக்கு இருப்பதும் பிழை. சந்தோசப்படுவதா அழுவதா என்று தெரியாமல் பஸ்ஸில் வந்தேன்.

நடப்பானா என்று கேட்டேன். இப்பவே சொல்ல ஏலாது, கிழமைக்கு இரண்டு தரம் பயிற்சிக்குக் கொண்டுவாங்கோ என்றார். போகிறேன். மாமி என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காது சோதிக்க யாழ்ப்பாணம் போகிறோம். போன மாதம் உங்களை இரண்டு நிமிடம் போன் பேச விட்டார்களே, அவன் காதில் வைக்கச் சொல்லிக் கூப்பிட்டீர்களே. சிரிக்கிறான் என்று சொன்னேன். பொய். அவன் திரும்பக்கூட இல்லை. நீங்கள் அந்தப் பக்கம் சிரித்தது கேட்டது, உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மடு மாதா உங்களைச் சுகமாகக் கரைசேர்க்கட்டும். வந்ததும் படலையில் நின்று மகனைக் கூப்பிட வேண்டாம். நேரே உள்ளே வந்து அவன் கண்ணுக்கு முன்னால் நில்லுங்கோ. என்னை ஏசுவதென்றால் அதற்குப் பிறகு ஏசுங்கோ.

உங்கள்
இமெல்டா