ஓநாய்ச் சிலந்தியின் படம்

அன்பு மகளுக்கு,

உன் புது நம்பர் எனக்குத் தெரியாததால் இதை உன் தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன். மூன்று நாளாக அப்பாவின் சிலந்திகளுக்கு நான்தான் பூச்சி போடுகிறேன். வலை பின்னாமல் பாய்ந்து பிடிக்கிற ஜாதி. டப்பா மூடியைத் திறந்து பூச்சியைப் போட்டதும் எட்டிக் குதித்து விலகிவிடுகிறேன். நீ பார்த்தால் சிரிப்பாய்.

செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா, "மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் படமெடுக்கப் போனார். அன்றைக்கு நல்ல மழை.

நேற்று வனக்காவலர் அவருடைய கேமராவை மட்டும் கொண்டுவந்தார். ஓடைக்கரைப் பாறைமேல் இருந்ததாம். "இன்னும் தேடிட்டுத்தாம்மா இருக்கோம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டுவலியோடு அப்பா எங்கேயாவது ஒதுங்கி உட்கார்ந்திருப்பார் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

கேமராவில் கடைசியாக இருப்பது ஒரு வீடியோ. ஓநாய்ச் சிலந்தி ஒன்று முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு போகிறது. பின்னால் அப்பா கிசுகிசுக்கிறார்: "இத பாப்பாவுக்கு அனுப்பணும். எம்மேல இருக்கற கோவம் கொஞ்சம் கொறையும்."

அதிலிருந்து ஒரு படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றுவிடுகிறேன். யார் வந்து என்ன சொன்னாலும் அதைத் தனியாகக் கேட்க எனக்குத் தெம்பில்லை. கிளம்பி வா.

உன் அம்மா