எதிர்வீட்டு மாப்பிள்ளை

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டர் காலையிலேயே போன் பண்ணிவிட்டார். இந்த மாதம் வேலை குவிந்து கிடக்கிறதாம், கைவிடக் கூடாதாம். நான் எப்போது கைவிட்டேன்? இருபத்திரண்டு வருடமாக வீட்டிலேயே உட்கார்ந்து அவருக்குப் பல் செட் கட்டித் தருகிறேன். ஒரு செட் கூடத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. சரி, பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். என் டைரிதானே.

பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். எதிர்வீட்டு நர்ஸ் வளர்க்கும் சாம்பல் நிறப் பூனை. அங்கே அதற்கு என்ன பெயரோ, நான் வைத்த பெயர் இதுதான். கூப்பிடாமல் வந்து, இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து, 'இன்னும் சாப்பாடு ஆகலையா' என்று பார்க்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? வேகவைத்த மீனைத் தின்றுவிட்டு பல் அளவெடுத்த மாவு அச்சுகளுக்கு நடுவே படுத்துத் தூங்கினார். ஒன்றையும் தட்டிவிடவில்லை. அந்த நாகரிகம் என் வீட்டுக்காரருக்குக் கிடையாது.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். காலை டிரிப் முடித்து வந்தவர் பார்த்துச் சிரித்தார். பெண்ணே பெறாமல் மாப்பிள்ளை எடுத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதானாம்.

மார்ச் 7, வெள்ளி

மாப்பிள்ளை கழுத்தில் இன்று ஒரு பட்டை. அதில் மழைக்கு நனையாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சீட்டு. அச்சடித்ததுபோல் கையெழுத்து. 'எனக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்கிறது. மருந்தும் தனிச் சாப்பாடும் வீட்டில் உண்டு. தயவுசெய்து வேறு எதுவும் கொடுக்காதீர்கள்.'

இரண்டு முறை படித்தேன். மிகவும் சரி. இந்தத் தெருவுக்கு இப்படி எழுதித்தான் மாட்ட வேண்டும். மூலைக் கடைக்காரர் பிஸ்கட் போடுகிறார், மாடிவீட்டுக் குழந்தைகள் கையில் கிடைத்ததையெல்லாம் போடுகிறார்கள்.

படித்துவிட்டு மீனை வைத்தேன். பாதிதான் வைத்தேன்.

சீட்டு ஊருக்கு, எனக்கில்லை என்று நினைத்தேனா? ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

மார்ச் 12, புதன்

வாசலில் நர்ஸைப் பார்த்தேன். மூன்று வருடமாக எதிரெதிர் வீடு, தலையாட்டலோடு சரி. இன்று அவரே நின்று பேசினார். முகம் வாடியிருந்தது.

"வீட்டுல வாயே வைக்க மாட்டேங்குது அக்கா. மருந்தைச் சாப்பாட்டுலதான் கலக்குறேன். சாப்பிட்டாத்தானே உள்ள போகும்?"

வயதாகிவிட்டதில்லையா என்றேன். பதினாலு என்றார். அவ்வளவுதான் பேச்சு. அங்கே வாய் வைக்காதது ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கே வயிறு நிறைந்துவிடுகிறது.

நாளையிலிருந்து கிடையாது. மாப்பிள்ளை ஆனாலும் சரி, மாமனார் ஆனாலும் சரி.

மார்ச் 13, வியாழன்

வந்தார், உட்கார்ந்தார், பார்த்தார். வைத்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டு நாளாக வரவில்லை. நல்லதுதான். அங்கே சாப்பிடட்டும். மீனைக் குழம்பில் போட்டுவிட்டேன்.

மார்ச் 19, புதன்

போயிடுச்சு.

வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். நர்ஸ் வீட்டு வாசலில் ஒரு அட்டைப்பெட்டி, மேலே துண்டு போர்த்தி. தோட்டத்து மூலையில் குழி வெட்டிக்கொண்டிருந்தாராம். இவர் போய் மண்வெட்டியை வாங்கி மீதியை வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

பல் ராவுகிற மோட்டாரை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அழுதேன். நல்லா, சத்தமா, மூக்கு ஒழுக அழுதேன். யாருக்கு அழறேன்? அவங்க பூனை. எனக்கு என்ன உரிமை இருக்கு? ஊர் கேட்டா என்னன்னு சொல்றது — அந்தப் பூனைக்கு நான் யாரு? சொந்தமா, பந்தமா? பெட்டியைத் திறந்து ஒரு தடவை பார்க்கிறேன்னு கேட்கக்கூட எனக்கு முறை இல்லையே.

அந்த நாற்காலியில் சாம்பல் முடி ஒட்டிக்கிடக்கிறது. தட்டவில்லை.

மார்ச் 21, வெள்ளி

இருவரும் துக்கம் கேட்கப் போனோம். நர்ஸ் டியூட்டிக்குக் கிளம்பிய உடுப்போடேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சமையலறை மேடையில் இரண்டு கிண்ணங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன.

அவராகவே பேசினார். "கடைசி ஒரு மாசமா சரியாவே சாப்பிடல. பட்டினியாத்தான் செத்திருக்கு அக்கா. வார்டுல எத்தனை பேருக்கு ஊட்டி விடுறேன். இதுக்கு ஒரு வாய் ஊட்ட முடியல என்னால."

பட்டினியா? ஞாயிற்றுக்கிழமைகூட என் வீட்டில் இரண்டு துண்டு மீன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன், அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று. ரோட்டிலேயே நின்றுவிட்டார். செத்தது திரும்பி வரப்போகிறதா, நீ வாயைத் திறந்தால் நீதான் கொன்றாய் என்று ஆகிவிடும், பேசாமல் இரு என்றார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சொன்னால், பூனை பட்டினி கிடக்கவில்லை என்று தெரிந்து நர்ஸின் மனம் ஆறும். அதே வாயால், மருந்து உள்ளே போகாமல் தடுத்தவள் நான் என்றும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் நான் நல்லவள், அந்தப் பெண் காலம் முழுக்கத் தன்னையே தின்றுகொண்டிருப்பாள். யோசிக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

வேலை. ஒரு முழு செட் முடித்து அனுப்பினேன். யோசனை முடியவில்லை.

மார்ச் 27, வியாழன்

செட் திரும்பி வந்துவிட்டது.

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை. டாக்டர் போனில் சிரிப்பை அடக்க முடியாமல் பேசினார். எழுபது வயதுக்காரர், மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாராம். பக்கத்தில் நின்ற மனைவி, 'கழட்டுங்க முதல்ல' என்றாராம். கோரைப்பல் இரண்டும் நீளமாக, கூர்மையாக இறங்கி நிற்கிறதாம். "உங்க வேலைதானா இது? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

நம்பவில்லை. பெட்டியைப் பிரித்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. மெழுகில் பதிக்கும்போதே அந்த இரண்டு பல்லை மட்டும் கீழே இறக்கியிருக்கிறேன். அப்புறம் ராவி ராவி முனை வேறு எடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை கொட்டாவி விடும்போது தெரியுமே, அதே பல். பாவம் அந்தப் பெரியவர், பூனை வாயோடு மனைவி முன்னால் நின்றிருக்கிறார்.

சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. அப்புறம் பார்த்தால் அது சிரிப்பாக இல்லை.

என் கை இப்படிச் செய்யும் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். கையே போய்ச் சாட்சி சொல்லிவிட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன இருக்கிறது? சனிக்கிழமை நர்ஸுக்கு லீவு. போகிறேன். வீட்டுக்காரரிடம் கேட்கப் போவதில்லை.

மார்ச் 29, சனி

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. "சிஸ்டர், உங்க பூனை பட்டினியா சாகல. தினமும் என் வீட்டுல மீன் சாப்பிட்டுச்சு. நான்தான் வச்சேன்" என்றேன்.

எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்று வருடமாக என்றேன்.

"கழுத்துல சீட்டு கட்டியிருந்தேனே. படிக்கலையா?"

"ரெண்டு தடவை படிச்சேன்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் போனேன். அவர் எழுந்து, கதவுவரை என்கூட வந்து, நான் வெளியே இறங்கியதும் சத்தமில்லாமல் சாத்தினார்.

வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ளட்டும். சொன்னது சரிதான். மீன் வைத்ததுதான் தப்பு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள மாட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

நர்ஸ் என் பக்கம் பார்க்காமலே போகிறார், வருகிறார். பார்க்காவிட்டால் போகட்டும். நான் தலையாட்டுவதை நிறுத்தவில்லை.

பெரியவருடைய செட்டைப் புதிதாகக் கட்டி, டாக்டரிடம் நானே நேரில் போய்க் கொடுத்தேன். பெரியவர் அங்கேயே மாட்டிப் பார்த்து, முதல் வேலையாக மனைவியைத்தான் கூப்பிட்டுச் சிரித்துக் காட்டினார். அந்த அம்மா தலையசைத்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

கடைக்குப் போய்விட்டு வரும்போது பின்னாலிருந்து அக்கா என்று குரல். நர்ஸ்தான். கால்நடை டாக்டரிடம் போய்க் கேட்டாராம்.

"ஒழுங்கா மருந்து போயிருந்தா ரெண்டு மாசம் கூட இருந்திருக்கலாமாம். இல்லாமலும் போயிருக்கலாமாம். உறுதியா சொல்ல முடியாதாம்."

அந்த இரண்டு மாதத்துக்கு நான்தான் பொறுப்பு என்றேன். அப்படியெல்லாம் சொல்லாதீங்க என்று அவர் மழுப்பவில்லை. ஆமாம் என்பதுபோலத் தலையசைத்துவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஏப்ரல் 12, சனி

காலையில் வீட்டுக்காரர் பஸ்ஸைக் கழுவப் போன நேரம், நர்ஸ் வந்தார். முதல்முறையாக என் வீட்டுக்குள் வருகிறார். மேசையில் பல் வரிசைகள், மெழுகு, மாவு — எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். காபி வேண்டாம் என்றார்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல அக்கா."

"தெரியும்."

"கடைசியா அது சாப்பிட்டதைப் பார்த்தவங்க நீங்க ஒருத்தர்தான். எப்படிச் சாப்பிட்டுச்சு? சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தேன். முதலில் மீன் வெந்த தண்ணீரை நக்கும். அப்புறம் ஒவ்வொரு துண்டாக எடுத்து, தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு மெல்லும். வலப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்று கடைசி ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் கடிக்கவே கடிக்காது, அதனால் நான் மீனை நன்றாகப் பிசைந்துவிட்டுத்தான் வைப்பேன். சும்மா வாக்கில் சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு யார் வாயைத் திறந்தாலும் கண் பல்லுக்குத்தான் போகும். இதை ஒரு செய்தியாக நான் நினைத்ததே இல்லை, இந்த டைரியில்கூட எழுதியதில்லை.

நர்ஸ் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"பல்லு ஆடுச்சா?"

"ஆமா."

"நான் வச்சது காய்ஞ்ச தீனி. கல்லு மாதிரி இருக்கும்." மேசையிலிருந்த ஒரு பல் வரிசையை விரலால் தொட்டுப் பார்த்தார். "தண்ணியில ஊற வச்சிருந்தா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. பொய்க்குத்தான் போன மாதமே முழுக்குப் போட்டாயிற்றே.

"சாப்பிட்டிருக்கும் சிஸ்டர். மருந்தும் உள்ள போயிருக்கும். எனக்குப் பல்லு தெரிஞ்சுது, உங்களுக்கு நோய் தெரிஞ்சுது. நான் ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கணும்."

அவர் அழுதார். அந்தப் பூனைக்காக நானும் அழுதேன், இந்த முறை யாருக்கும் ஒளியாமல். யாரும் யாரையும் தேற்றவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாம்பல் முடி ஒட்டிய நாற்காலியைக் கண்டுபிடித்து, அதில் போய் உட்கார்ந்தார்.

"மேல சொல்லுங்க அக்கா" என்றார்.

சொன்னேன். மதியம் ஒரு மணி ஆகிவிட்டது.