ரோஜா நெபுலாவும் என் வீட்டுக்காரரும்

ஜனவரி 9
கொல்லைப்புறத்தில் என் டெலஸ்கோப்பின் மேல் ஈரத் துண்டு! வீட்டுக்காரர் வேலைதான். கேட்டால், "சும்மாத்தானே நின்னுட்டிருந்துச்சு" என்கிறார்.

ஜனவரி 16
கிடைத்துவிட்டது! வெறும் கண்ணுக்குத் தெரியாத ரோஜா நெபுலா, விண்வெளியில் மிதக்கும் வாயு மேகம். பல இரவுகளில் எடுத்த மங்கல் படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். இதழ் இதழாகச் சிவப்பு எழும்பி வந்தது. அழுதுவிட்டேன்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "புகை மாதிரி இருக்கு. இதுக்கா தூக்கத்தைக் கெடுத்துக்கறே?" கொட்டாவி விட்டுக்கொண்டே போய்விட்டார்.

வானியல் சங்கத்தின் போட்டிக்கு அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 30
முதல் பரிசு. எனக்கில்லை, இவருக்கு! சங்கத்தில் குடும்பத்துக்கு ஓர் உறுப்பினர்தான். அது இவர் பெயரில். நான் அனுப்பிய மின்னஞ்சலும் இவர் பெயரில். படத்தில் என் பெயரைப் போடத் தோன்றவில்லையே, என் புத்தியை என்ன சொல்ல?

"சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றேன்.

"யார் பேர்ல வந்தா என்ன? வீட்டுக்குத்தானே பெருமை."

வீட்டுக்கா? வீடா பனியில் நின்றது?

பிப்ரவரி 3
விழாவில் பேச வேண்டுமாம். "ரெண்டு வரி எழுதிக் குடேன்" என்று வந்து நிற்கிறார். முடியாது. மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

பிப்ரவரி 8
விழா. காலையிலேயே இவருக்கு வயிற்றுவலி. என்ன வலி என்று எனக்குத் தெரியாதா? "நீயே போய் வாங்கிட்டு வந்துடு."

போனேன். தெருவிளக்கு வெளிச்சத்தை எப்படிச் சமாளித்தீர்கள், கேமராவை எப்படிப் பொருத்தினீர்கள் என்று கேட்டார்கள். எல்லாம் சொன்னேன். செயலாளர் மைக்கில் சிரித்தார்: "சார் வீட்டுல நல்லாவே டிரெயினிங் குடுத்திருக்கார்!" அதற்குக் கைதட்டல் வேறு.

கோபம் தலைக்கேறிவிட்டது. மைக்கை வாங்கினேன். "சார் ஒண்ணும் குடுக்கல. படம் எடுத்தது நான்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து இவரிடமும் சொன்னேன். "என் மானத்தை வாங்கிட்டியே" என்றார். அப்போ என் உழைப்பு? அதை யாரு வாங்கினாங்களாம்?

பிப்ரவரி 11
பேச்சுவார்த்தை இல்லை. நான் இறங்கிப் போவதாயில்லை.

பிப்ரவரி 20
மத்தியானம் கண்ணை மூடிப் படுத்திருந்தேன், தூக்கம் வரவில்லை. கூடத்தில் போன் அடித்தது. சங்கத்திலிருந்து ஏதோ சந்தேகம் கேட்கிறார்கள் போல.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்று இவர் குரல். "அவங்களைத்தான் கேக்கணும். இப்போ தூங்கறாங்க. ராத்திரி பூரா வேலை. எழுந்ததும் பேசச் சொல்றேன்."

பிறகு, என் அறைக் கதவை அவர் மெல்லச் சாத்துவது கேட்டது.

கோபம் முழுசாகப் போய்விடவில்லை. ஆனாலும் நான் கண்ணைத் திறக்கவில்லை.