கறியாய்ப் போன விளக்கு

என்ரை இஞ்சாருங்கோ,

நீங்கள் உயிரோடை இருக்கேக்கையே பேர் சொல்லிக் கூப்பிடாதவள், இப்ப மட்டும் சொல்லுவனோ?

நீங்கள் போனபிறகு வந்த முதல் குளிர் இது. சுவிஸிலை, இந்த ஓர்லிகோனிலை நாலரைக்கே இருளுது. முந்தி அந்த நேரம் ரீவிச் செய்தியோடை சண்டை பிடிச்சுக்கொண்டு இருப்பியள், எனக்கு இருட்டுத் தெரியிறேல்லை. இப்ப குசினிக்கும் ஜன்னலுக்குமாய் நடக்கிறன். "அம்மா, ஒரு இடத்திலை இருங்கோவன்" எண்டு மகள் சுதா ஏசுறாள். இருந்தால் கால் உளையுது. அங்கை உங்களுக்கு இருட்டோ, வெளிச்சமோ?

போன கிழமை ஒரு வேலை செய்துபோட்டன். குசினி மேசையிலை நோக்கோல் மாதிரி ஒரு கிழங்கு, தலை ஊதா. சுதா கறிக்கு வாங்கினது எண்டு நினைச்சு, தேங்காய்ப்பால் விட்டு வெள்ளைக்கறி வைச்சிட்டன். மத்தியானம் பேத்தி ஆதிரா பாலர் பள்ளியாலை வந்தாள்.

"அம்மம்மா, மேசையிலை வைச்ச என்ரை விளக்கு எங்கை?"

அதைக் குடைஞ்சு, தோலிலை நட்சத்திரம் செதுக்கி, உள்ளுக்கை மெழுகுதிரி வைச்சு, இஞ்சத்தைப் பிள்ளையள் இருட்டிலை ஊர்வலம் போறவையாம். அண்டைக்குப் பின்னேரம்தான் ஊர்வலம். பள்ளியிலை குடுத்த கிழங்கு என்ரை சட்டியிலை. பிள்ளை சத்தம் போட்டு அழேல்லை. அதுதான் எனக்குத் தாங்கேல்லை. சுதா ரெண்டு கடைக்கு ஓடினாள், முடிஞ்சுபோச்சாம். மருமகன் கறியை வாயிலை வைச்சுப் பார்த்திட்டு, "மாமி, விளக்குக்கு உப்புக் காணாது" எண்டார்.

நான் விடுவனோ? ஊரிலை கார்த்திகை விளக்கீட்டுக்குத் தேங்காய்ச் சிரட்டையிலை எண்ணெய் ஊத்தி எரிச்ச ஆக்கள் நாங்கள். ஒரு சிரட்டையிலை மருமகனைக் கொண்டு சுத்திவரத் துளை போடுவிச்சு, கம்பி கட்டி, மெழுகுதிரி வைச்சன். ஆதிரா கையாலையும் தொடேல்லை.

"எல்லாரிட்டையும் அந்தக் கிழங்கு இருக்கும். நான் மட்டும் தேங்காயோ?"

"அப்ப நான் கொண்டு வாறன்" எண்டன்.

"அம்மா, வெளியிலை உறையுது. இருட்டினாப்பிறகு நீங்கள் வெளிக்கிடுறதே இல்லையே" எண்டாள் சுதா. சீலைக்கு மேலை உங்கடை குளிர்ச்சட்டையை மாட்டினன். கை நீளம், பரவாயில்லை.

தெருவிளக்கை எல்லாம் அணைச்சுப்போட்டினம். பாட்டும் சின்னச் சின்ன வெளிச்சமுமாய்ப் பிள்ளையள் போகுதுகள். தாய் தேப்பன்மாருக்குப் பின்னாலை நான் சிரட்டையோடை தலை நிமிர்ந்துதான் போனன். ஒரு சுவிஸ் மனிசி குனிஞ்சு பார்த்து என்னவோ கேட்டா. விளங்காமலே அவையின்ரை பாஷையிலை "யா", ஓம் எண்டன். ஆதிரா முன்னாலை, வெறுங்கையோடை, திரும்பியும் பாக்கேல்லை. என்னாலைதானே எண்டு நினைச்சுக்கொண்டு நடந்தன்.

பாலத்தடியிலை ஆதிரா, நான் கிட்ட வருமட்டும் பார்த்துக்கொண்டு நிண்டாள்.

"அம்மம்மா, உங்களுக்குக் கை உளையுதோ?"

உளையேல்லை. ஓம் எண்டன். கம்பியை வாங்கிக்கொண்டு முன்னாலை ஓடிப்போட்டாள்.

எனக்கு இன்னும் இருப்புக் கொள்ளேல்லைத்தான், பொய் சொல்ல மாட்டன். ஆனால் இருட்டைக் கண்டு இனிக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கமாட்டன். பனியிலை வழுக்காமல் அடியிலை பல்லு வைச்ச சப்பாத்து வாங்கித் தரச் சொல்லியிருக்கிறன். விழாமல் நடப்பன். யோசியாதேங்கோ.

உங்கடை மனிசி