ஷிபுவுக்கு வாங்கிய மலர்வளையம்

ஆரியசாலை

அன்புள்ள கோமதிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? எழுதப்போவது:

1. ஷிபு இறக்காதது.
2. தோற்ற அணியின் ரசிகர் சில நாள் வெளியே வராதிருப்பதே மரியாதை என்பது.
3. நீ அனுப்ப வேண்டியது.

பயப்படாதே. ஷிபு எங்கள் மண்டியில் மூட்டை தூக்குபவன். மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவது அவன் ஒருவன்தான். திங்களன்று அவன் வரவில்லை. தெருமுனையில் அவன் படம் போட்டு ‘ஆதராஞ்சலிகள்’ என்று பேனர் வைத்திருந்தார்கள். இந்த மலையாள ஊரில் யாராவது இறந்தால் அப்படித்தான் வைப்பார்கள். மலர்வளையம் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஷிபுவே கதவைத் திறந்தான்.

“அண்ணாச்சி, பிரேசில் தோத்ததே உள்ளு, நான் சாகல்ல!”

கால்பந்தில் அவனுடைய பிரேசில் தோற்றதற்கு அர்ஜென்டினா ரசிகர்கள் செய்த கேலியாம் அந்தப் பேனர். அவன் வெட்கத்தில் பதுங்கியிருந்தான். அதுவே சரி என்றேன். அவனோ வளையத்தைப் பார்த்துச் சிரித்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு, மஞ்சள் ஜெர்சியோடு சந்தைக்குள் நடந்தான்.

“சவம் நடந்து வருதுடே!” என்று கத்தினான், பேனர் வைத்த அஜின். அவனே டீயும் வாங்கிக் கொடுத்தான். மதியம் ஷிபு என் பக்கத்தில் சோற்றுப் பொதியைப் பிரித்தான்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு, இரண்டு பேருக்குக் காணும்படி.

எதிர்த்த டுட்டோரியலுக்குப் பிள்ளைகள் போய், நம் டுட்டோரியலை மூடியபின், தோற்ற வெட்கத்தில் நான் ஊருக்கே வரவில்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஊறுகாய் அனுப்ப வேண்டாம். கோயில் கொடைக்கு நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது குறிப்பு தவறு.

சங்கரலிங்கம்