தோகாவிலிருந்து புளியமரத்துக் கொட்டாய் வரை பயண நேரம்

அனுப்புநர்:
அ. சவுரியப்பன்,
புளியமரத்துக் கொட்டாய்,
ஏரியூர் வழி, பென்னாகரம் வட்டம்,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: எங்கள் ஊர்ச் சாலையில் தோண்டிப் போட்ட தரைப்பாலத்தைக் கட்டித் தரவும், தோகா நகரிலிருந்து என் வீடு வரை ஆகும் பயண நேரத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் அன்பரசி கல்யாணமாகி தோகாவில் இருக்கிறாள். அவ்வளவு தூரத்தில் பெண் கொடுக்க மாட்டேன் என்று என் மனைவி சாலம்மாள் அன்று பிடிவாதமாக நின்றாள். மாப்பிள்ளை அறிவழகன் கைப்பேசியில் தட்டிக் காட்டினார்: பெங்களூருக்கு வான்வழித் தூரம் சுமார் மூவாயிரம் கிலோமீட்டர், விமானத்தில் நாலரை மணி நேரம். சென்னைக்குப் பஸ்ஸில் போவதைவிடக் குறைச்சல் என்றதும் ஒப்புக்கொண்டாள்.

2. மகள் இப்போது முழுகாமல் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது தாங்கள் அறிந்த வழக்கம். இன்னும் ஒரு மாதம் போனால் விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம்.

3. விமானத்தின் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. பெங்களூரில் கார் எடுத்தால் ஐந்து மணி நேரத்தில் எங்கள் ஊர் எல்லைக்கு வந்துவிடலாம். அதற்குப் பிறகு உள்ள ஒரு கிலோமீட்டர்தான் இம்மனுவுக்குக் காரணம். ஓடை மேலிருந்த தரைப்பாலத்தைப் புதிதாகக் கட்டுவதாகச் சொல்லி, போன மழைக்கு முன்பு ஒப்பந்ததாரர் தோண்டினார். தோண்டும் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. பிறகு அவரைக் காணவில்லை. ஊருக்கு வேறு வண்டித் தடம் கிடையாது.

4. போன மாதம் பக்கத்து வீட்டு சுகுணாவுக்கு வலி கண்டு 108 வண்டியை அழைத்தோம். வண்டி சீக்கிரமே வந்து பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. சுகுணா இந்தப் பக்கம் இருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் இறக்கி ஏற்றினோம். போகிற வழியிலேயே பிள்ளை பிறந்தது. இருவரும் நலம். நாற்காலி உடைந்துவிட்டது. அது என்னுடையது, அதற்காக நான் எதுவும் கோரவில்லை.

5. இதைக் கேள்விப்பட்ட பாப்பிரெட்டிப்பட்டி சம்பந்தி ஆரோக்கியராஜ், பிரசவம் தோகாவிலேயே ஆகட்டும் என்கிறார். "விமானம் எறங்குற நேரத்த டிக்கெட்டுலயே போட்டுத் தர்றாங்க. அந்தப் பள்ளத்தத் தாண்ட எவ்வளவு நேரமாவும்னு யாராச்சும் எழுதிக் குடுத்தா மருமவள அனுப்பச் சொல்றேங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்பது நியாயம் என்று பட்டதும் இன்னும் அதிகமாக வந்தது.

6. இந்தப் பேச்சு சாலம்மாளுக்குத் தெரியாது. அவள் உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்துவிட்டாள். மகளுக்கென்று விட்டிருக்கும் கோழிகளை என்னைத் திரும்பிப் பார்க்கவும் விடுவதில்லை.

ஆகவே, பாலத்தைக் கட்ட உத்தரவிடும்படியும், அதுவரை மண் கொட்டியாவது கார் போகத் தடம் அமைத்துத் தரும்படியும், அதில் ஊருக்குள் வர ஆகும் நேரத்தை எழுதி அலுவலக முத்திரையுடன் வழங்கும்படியும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அது ஆகாது என்றால், ஆகாது என்பதையே எழுதி, என் பெயருக்கு இல்லாமல் சாலம்மாள் பெயருக்கு அனுப்பி வைக்கவும். பிள்ளை வர மாட்டாள் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இடம்: புளியமரத்துக் கொட்டாய்
நாள்: 03.11.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) அ. சவுரியப்பன்